அடுத்தவர்களின் நான்

ஞாயிறு, ஆகஸ்ட் 3

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாள் முழுக்கப் பேசுகிறேன், அதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை. வீடிருக்கும் ஈசூனுக்கு ரயில் வந்து சேர்வதற்குள் வாய் ஓய்ந்துவிடுகிறது. வீட்டில் அம்மா இருக்கிறார், அத்தா இருக்கிறார். பேசத்தான் எனக்கு ஒன்றும் வருவதில்லை. அதனால் இங்கே.

வேலை, மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும், நோயாளி சொல்வதை டாக்டருக்கு ஆங்கிலத்தில். செப்டம்பர் முடியும்வரை சோதனைக் காலம். அதன் பிறகு என்னை வைத்துக்கொள்வார்களா தெரியாது.

வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. இதோ, இங்கே சொல்லிவிட்டேன்.

செவ்வாய், ஆகஸ்ட் 5

எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அமலா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் நாள் ‘அக்கா’ என்றேன். “ஆபீஸ்ல அக்கா வேணாம் லா, எனக்கு வயசாயிடும்” என்றார். இந்த ஊர்ப் பேச்சு, ‘லா’ போடாமல் முடியாது.

அவர் அன்று சொன்ன விதி இது: “ ‘அவர் சொல்றார், அவருக்கு வலிக்குதாம்’ — இந்தக் கதையே வேணாம். அவர் ‘நான்’னு சொன்னா நீயும் ஐ-ன்னு சொல்லணும். அவர் வாய் நீ. ஒண்ணும் சேர்க்காதே, ஒண்ணும் குறைக்காதே.”

அப்படியே செய்கிறேன். இன்று காலை எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது: ஐ ஆம் அலர்ஜிக் டு. பிறகு ஊசி என்றால் பயம்: ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப். மதியம் சாப்பாட்டுக்கு முன் ஏழு மாதக் கர்ப்பிணி, ஐ ஆம் லாங்கிங் ஃபார் பச்சை மாங்காய். சாப்பாட்டுக்குப் பின் முப்பது வருடமாகச் சிகரெட் பிடிக்கும் தாத்தா, ஐ காண்ட் டூ வித்தவுட். அந்தத் தாத்தாவின் வாயாக இருந்தபோது என் குரல் கணீரென்று இருந்ததாம். நர்ஸ் சொன்னார். எனக்கே ஆச்சரியம். பல்கலைக்கழகத்தில் குழுவாகச் செய்த வேலையை வகுப்பின் முன் விளக்கச் சொன்னபோது, என் பகுதியையும் பக்கத்தில் இருந்தவள்தான் பேசினாள்.

இன்னொரு விதியும் உண்டு. இடையில் நானாகவே எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் ‘ஐ’ என்று தொடங்கக் கூடாது, டாக்டர் குழம்பிப் போவார். ‘தி இன்டர்ப்ரெட்டர் வுட் லைக் டு…’ என்று தொடங்க வேண்டும். அந்த அறையில் ‘நான்’ எல்லோருக்கும் உண்டு, எனக்கு மட்டும் இல்லை.

இதுவரை அந்த வாக்கியம் எனக்குத் தேவைப்படவில்லை. நிம்மதிதான்.

வியாழன், ஆகஸ்ட் 7

தமிழில் ‘பயமா இருக்கு’ என்றால் போதும். பயம் எங்கோ ஒரு மூலையில் அதுபாட்டுக்கு இருக்கிறது. ‘வலிக்குது’, ‘பிடிக்கல’, ‘கவலையா இருக்கு’ — எதிலும் ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அப்படி ஒளிய முடியாது. முதலில் ‘ஐ’ என்று எழுந்து நிற்க வேண்டும். பிறகு எதைப் பற்றி, எதற்காக, எதிலிருந்து என்றும் சொல்லியாக வேண்டும். வொரிட் அபௌட். வெயிட்டிங் ஃபார். டயர்ட் ஆஃப்.

என்னை மாதிரி ஆட்களுக்குத் தமிழ் எவ்வளவு வசதி!

சனி, ஆகஸ்ட் 9

தேசிய தினம். ரஃபீக் மாமா சாப்பிட வந்திருந்தார். அம்மாவின் தம்பி. சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ அலுவலகம் வைத்திருக்கிறார். அம்மா நெய்ச்சோறும் தால்ச்சாவும் செய்திருந்தார். தொலைக்காட்சியில் அணிவகுப்பு.

மாமா தால்ச்சாவில் எலும்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அக்டோபர் ஒண்ணாந்தேதி நம்ம ஆபீஸ்ல வந்து உக்காரும்மா. குடும்பத்துல மொதப் பட்டதாரி. உன்னை வெளியில விட்டுட்டு நான் யாரையோ வச்சு ஆபீஸ் நடத்துறேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். “என்ன யும்னா, சரிதானே?”

“சரிம்மா” என்றேன். ஊறுகாயை எடுத்துக் கொடு என்றால் எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரலில்.

“அவளுக்குச் சம்மதம்” என்று அம்மா மாமாவிடம் சொன்னார். ஒரே பாயில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமாவுக்கு, தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பு.

நான் சொன்ன ‘சரி’க்குக் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். இதை எப்படிச் சொல்வது? அதற்குள் எல்லோரும் பாயசத்துக்குப் போய்விட்டார்கள்.

வியாழன், ஆகஸ்ட் 14

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

சின்னராசு. புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமானத் தளத்தில் வெல்டர். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி இரும்புத் தகட்டில் நசுங்கி, கறுத்துவிட்டது. டாக்டர் இரண்டு வழிகள் சொன்னார். நுனியைக் குறைத்துத் தைத்துவிடலாம், சில வாரங்களில் வேலைக்குப் போகலாம். அல்லது வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து மூடி விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதற்கு இரண்டு அறுவை, மாதக்கணக்கில் பயிற்சி, முடிவுக்கு உத்தரவாதம் இல்லை. “முதல் வழி போதும் என்பது என் கருத்து. ஆர் யூ ஓகே வித் தட்?”

“எனக்கு மொதல் வழியே போதும்னு தோணுது. உங்களுக்குச் சரியா?” என்றேன், டாக்டரின் வாயாக.

“சரிங்க சார்” என்றார். தலை இரண்டு பக்கமும் ஆடியது.

“ஓகே, சார்” என்றேன் நான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை அறுவை.

ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. விதிப்படி சரி. ஆனால் ‘சரிங்க’ என்றபோது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார், ஏதோ அதனிடம் விடைபெறுவது போல. அந்தச் ‘சரிங்க’ எனக்குத் தெரியாதா? பெரியவர்கள் முன்னால், படித்தவர்கள் முன்னால், வெள்ளைக் கோட்டு முன்னால் நம் ஆட்கள் சொல்லும் ‘சரிங்க’. நானே நெய்ச்சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சொன்னது.

தி இன்டர்ப்ரெட்டர் வுட் லைக் டு. தொண்டைவரை வந்தது. அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெள்ளி, ஆகஸ்ட் 15

அமலாவின் மேசைவரை போனேன். “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். ச்சே.

ஞாயிறு, ஆகஸ்ட் 17

அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமிருக்காது. விடுமுறை நாள் என்பதால் எல்லாத் தொழிலாளர் விடுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், நடைபாதை முழுக்க ஊர்க்கதை. அத்தா வேலை பார்ப்பது பயணப்பெட்டிக் கடையில். வாசல்வரை பெட்டிகளும் கம்பளிகளும் அடுக்கியிருக்கும்.

ஒருவர் பெரிய நீலப் பெட்டியைத் திறந்து, மூடி, உருட்டிப் பார்த்தார். அத்தா விலை சொன்னார். “சரிங்க பாய்” என்று சிரித்துவிட்டு, தலையாட்டிக்கொண்டே போனார். அடுத்தவர் வந்தார். “என்ன பாய், பெட்டிக்குள்ள தங்கம் வச்சு விக்கிறீங்களா?” என்று பெரிய சத்தம். அத்தாவும் விடவில்லை. “தங்கம் நீங்க வைக்கணும் தம்பி, நான் பெட்டி மட்டுந்தான்.”

அத்தா மெதுவாக என்னிடம், “இவன் வாங்குவான் பாரு” என்றார்.

“முதல்ல வந்தவர்?”

“ ‘சரிங்க’ன்னு போனானே, அவனா? நான் சொன்ன வெலைக்கு மரியாதை குடுத்துட்டுப் போறான்மா. அவனுக்கு வேணாம்.”

சண்டை போட்டவர் வாங்கிக்கொண்டு போனார். நான் சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன். அத்தாவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது. டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது ஒரு ‘ஓகே’. அந்த ‘ஓகே’யைக் கொடுத்ததும் நான்தான்.

நாளை காலை.

திங்கள், ஆகஸ்ட் 18

மறப்பதற்குள் வரிசையாக எழுதுகிறேன்.

வழக்கத்தைவிட முன்னதாகவே போய் அமலாவுக்காகக் காத்திருந்தேன். வந்தவுடன், “என்ன, காலங்காத்தால? நான் இன்னும் கோப்பிகூடக் குடிக்கல.”

“ஐ ஆம் வொரிட் அபௌட் சின்னராசு.” தமிழில் நினைத்துக்கொண்டு போனேன், ஆங்கிலத்தில் வந்து விழுந்தது.

“யாரு வொரிட்? அவர் சொன்னாரா?”

“இல்ல. நான்.”

அமலா பையைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சின்னராசுவின் தலையாட்டலை நானே ஆட்டிக் காட்டினேன், அமலா சிரிக்கவில்லை. “ஏன் வியாழக்கிழமையே சொல்லல?”

“சேர்க்கக் கூடாதுன்னு…”

“இது சேர்க்கிறதா லா? ஆளுக்குப் புரியல, இல்ல சொல்ல முடியலன்னு உனக்குத் தோணுனா நிறுத்தணும். அதுக்குத்தானே தி இன்டர்ப்ரெட்டர்னு ஒரு ஆள அங்க நிக்க வச்சிருக்கு?” கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நேரா டாக்டர்கிட்ட போ. நான் சொன்னா அது புகார். நீ சொன்னா அது உன் வேலை.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். நான் சொன்னது ஏறக்குறைய இது: ‘தி இன்டர்ப்ரெட்டர் வுட் லைக் டு கிளாரிஃபை. அவர் சொன்ன ‘சரிங்க’ உங்களுக்குத் தரும் மரியாதையாகவும் இருக்கலாம். சரியா என்று கேட்காமல், என்ன வேண்டும் என்று கேட்க முடியுமா?’ கடைசி வார்த்தை வரும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு நடந்தார். பிறகு சின்னராசுவின் கட்டில் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவே புதிது. நின்றுகொண்டுதான் பேசுவார். “இந்தக் கையால் நீங்கள் என்னவெல்லாம் செய்வீர்கள்?”

“நீங்க பார்த்துச் செய்யறதுதான் சார்.”

அதையும் அப்படியே சொன்னேன். டாக்டர் எழவில்லை. காத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“வெல்டிங் டார்ச் பிடிக்கணும் சார். பெரிய வெல்டிங் டெஸ்டுக்குப் பேர் குடுத்திருக்கேன்.” அப்புறம் கட்டுப் போட்ட விரலைப் பார்த்து, “என் மவளுக்குச் சடை பின்னிவிடுறது நான்தான் சார். ஊருக்குப் போறப்பல்லாம். அவ அம்மா பின்னுனா ஒத்துக்க மாட்டா. போன்ல கேக்குறா, எப்பப்பா வருவே, முடி வளந்துடுச்சுன்னு.”

‘ஐ’ என்று தொடங்கினேன். என் மகளுக்கு நான்தான் சடை பின்னுவேன். நானா? எனக்குத் திருமணமே ஆகவில்லை. ஆனால் சொல்லும்போது விரல்களுக்கிடையே முடி வழுக்குவது போலவே இருந்தது.

“சூப்பர்வைசர் சீக்கிரம் வரச் சொல்றாரு சார். அதான் எதுவும் கேக்கல. எவ்வளவு நாளானாலும் பரவால்ல, வெரல் இருக்கட்டும்.”

ஐ வாண்ட் டு ஹோல்ட் ஆன் டு இட், என்றேன்.

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் வைத்தார். உறுதி சொல்ல முடியாது, ஆனால் முயற்சி செய்வோம், இரண்டாவது வழி. சூப்பர்வைசரிடம் பேச வேண்டியதைத் தானே பேசுவதாகச் சொன்னார்.

நான் கிளம்பும்போது சின்னராசு கூப்பிட்டார். “மேடம், நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ?”

“இல்லண்ணே” என்றேன். அது விதியில் இல்லாத பேச்சு. பரவாயில்லை.

புதன், ஆகஸ்ட் 20

முதல் அறுவை நன்றாக முடிந்ததாம். அடுத்த வாரம் மொழிபெயர்க்க டாக்டர் ஆள் கேட்டிருக்கிறார்: ‘சென்ட் மீ தட் கர்ல்.’ அமலா அப்படியே நடித்துக் காட்டினார்.

சனி, செப்டம்பர் 6

மாமா வந்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். திறந்தால் பெயர் அட்டைகள். யும்னா அப்துல் ஹமீது, பி.ஏ. மேலாளர். தங்க எழுத்து.

“மேலாளரா? ஆபீஸ்ல மொத்தமே நாலு பேருதானே” என்றார் அத்தா.

“அஞ்சாவது ஆள் மேலாளர், மச்சான்.”

அம்மா ஒரு அட்டையை எடுத்துக் கண்ணாடி அலமாரியில், நான் பட்டம் வாங்கிய படத்தின் பக்கத்தில் வைத்தார். “நல்லாருக்குல்ல?”

நன்றாகத்தான் இருந்தது. “ம்” என்றேன்.

மருத்துவமனையில் டாக்டர் முன்னால் அவ்வளவு பேசியவள் எங்கே போனாள்? ஈசூன் நிலையத்திலேயே இறங்கித் தொலைந்துவிடுகிறாள் போலிருக்கிறது.

வெள்ளி, செப்டம்பர் 12

அம்மாவை அரசுப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எப்போதும் நான்தான் போவேன். இன்று பழக்கதோஷத்தில், ஐ ஆம் டயர்ட் ஆஃப் தீஸ் டேப்லெட்ஸ், ஐ ஃபீல் டிஸ்ஸி இன் தி மார்னிங் என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை?” என்றார்.

வெளியே வந்ததும் அம்மா, “ஏன்டீ ஐ ஐ-ங்கிறே? என் நோயை எல்லாம் உன் மேல எழுதிடப் போறாங்க” என்றார். மருந்துக்குக் காத்திருந்தபோதும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “உனக்கு எட்டு வயசு. எனக்கு அந்தப் பொம்பளை நோவு. உன்னையக் கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி நிறுத்துனேன். சொல்லக் கூடாததையெல்லாம் உன் வாயால சொல்ல வச்சேன். இத்தனை வருசமாயும் மனசு ஆறல. இப்ப சம்பளம் வாங்கிக்கிட்டு அதே வேலை. அதான் ரஃபீக்குகிட்ட நானே கேட்டேன். போதும், இனிமே நீ யாருக்காகவும் பேச வேணாம்.”

மாமாவாகக் கேட்கவில்லை. அம்மா போய்க் கேட்டிருக்கிறார்.

எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. சொன்னது: “சரிம்மா.”

திங்கள், செப்டம்பர் 22

தேறிவிட்டேன்! நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு இடம்தான், நான் இல்லையென்றால் வேறு ஒருவருக்குப் போகும்.

“என்ன யோசனை?” என்றார் அமலா. வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். “கேட்கணுமா, சொல்லணுமா?” என்றார்.

புதன், செப்டம்பர் 24

ரயிலில் ஒத்திகை. ஐ கேர் அபௌட் திஸ் ஒர்க். ஐ ஆம் குட் அட் இட். ஐ டோன்ட் வாண்ட் டு வாக் அவே ஃப்ரம் இட். அங் மோ கியோவிலிருந்து ஈசூன்வரை எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது.

ஆனால் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேச முடியாதே. தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘எனக்கு இந்த வேலை…’ அதற்கு மேல் எதிர் இருக்கைக்காரர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளி, செப்டம்பர் 26

அமலாவிடம் காலையில் சொல்லிவிட்டேன், ஐ வுட் லைக் டு ஸ்டே ஆன். கையெழுத்தும் போட்டாயிற்று. ரஃபீக் மாமாவுக்கு வருத்தம்தான். தங்க எழுத்து அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். கடைசியில், “சரி விடு, ஊருக்குப் பெட்டி அனுப்புறவனுக்கு உடம்பு சரியில்லன்னா உன்கிட்ட அனுப்புறேன்” என்றார். மாமா அவ்வளவுதான், கோபமெல்லாம் அரை மணி நேரம்.

ஆனால் எழுத வேண்டியது நேற்று மாலையை.

அம்மா சமையலறை மேசையில் காய்ந்த நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, நல்லது.

“அம்மா, தேசிய தினத்தன்னைக்கு நான் சரின்னேன்ல?”

“ம்.”

“அது சம்மதம் இல்லம்மா.”

கிள்ளுவது நிற்கவில்லை. “பின்ன?”

“காதுல வாங்கிக்கிட்டேன்னு அர்த்தம்.”

“பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் சரிதானே சொல்லிட்டிருக்கே. அப்ப அதுல எதுதான் நெசம்?”

“பாதி இருக்கும்மா.”

அம்மா நிமிர்ந்தார். “ரஃபீக் ஆபீஸ்ல உனக்கு என்ன குறை?”

“குறை இல்ல. எனக்கு ஆஸ்பத்திரி வேலை பிடிச்சிருக்கு. என்னைய வச்சுக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும்.”

“அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே யும்னா. அந்தப் பச்சப்புள்ள வயசுல உன்னையப் போய்…” குரல் உடைந்தது. நெத்திலியைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் வந்தது. ஒத்திகையில் இல்லாதது.

“எனக்கு அன்னைக்குப் பயமாவே இல்லம்மா. பெருமையா இருந்துச்சு. டாக்டர் என்னையப் பார்த்துக் கேட்டாங்க, நீங்க என்னையப் பார்த்துச் சொன்னீங்க. நான் இல்லன்னா அந்த ரூம்ல எதுவுமே நடக்காது. ஸ்கூல்ல, யுனிவர்சிட்டில, எங்கேயும் எனக்கு அப்படி இருந்ததில்ல. இப்பத்தான் மறுபடி இருக்கு. நான் இதை விட மாட்டேம்மா.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை ஏன்டீ இத்தனை வருசமா சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

“கேட்டிருந்தா ‘சரிம்மா’ன்னு சொல்லியிருப்பே!”

கூடத்திலிருந்து அத்தாவின் சிரிப்புச் சத்தம். அவர் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. “நீங்க சும்மா இருங்க” என்று அங்கே ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அம்மா எழுந்து கை கழுவி, புடவை முந்தானையில் கண்ணையும் கையையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

“ரஃபீக்குகிட்ட நான் பேசிக்கிறேன். புள்ளைக்கு அங்கேயே நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

“வேணாம்மா. எனக்குத்தானே வேலை. நானே பேசுறேன்.”

தொலைபேசி என் கைக்கு வந்தது. மாமாவின் எண்ணை அழுத்தினேன், அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. அம்மா அரிசி போட அடுப்புப் பக்கம் திரும்பினார். அத்தனை பேசிய பிறகும் இந்த ஒன்றைக் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. கேட்டேன்.

“அம்மா, நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்.”